ஆறு பேர் கொண்ட படை

பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கையடக்கமான ஒரு கருவியிலே பூதங்களைப் போரிட விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளைக் கண்டு மனம் வருந்தும் பெற்றோர் பலருளர். அவர்களுடைய கவலையை நாம் குறைகூற வரவில்லை. காலத்தை அளவின்றி விழுங்கும் எவ்விளையாட்டும் கண்டிக்கத்தக்கதே. ஆயினும், கண்டிக்க முற்படுமுன் அப்பிள்ளை எதனைக் குறித்து இத்துணை தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் மூத்தோர் கடமையாகும். போக்கிமொன் என்னும் அவ்விளையாட்டைப் போட்டியாக ஆடுவோர்க்கு வெற்றியும் தோல்வியும் களத்திலே மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. களம் புகுமுன், ஆறு பேர் கொண்ட படையொன்றைத் திரட்டும் வேளையிலேயே பாதி தீர்ந்துவிடுகின்றது. அவ்வாறு திரட்டுவதிலுள்ள சங்கடங்களைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகின்றோம்.

விளையாட்டின் வரலாறு நீண்டதன்று. 1996 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் திகதி, நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் போய் கருவிக்கென ஜப்பானிலே சிவப்பு, பச்சை என இரண்டு பதிப்புகள் வெளிவந்தன. இதனைத் தோற்றுவித்தவர் சத்தோஷி தஜிரி என்பவர். இளமையிலே பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதில் அவருக்கிருந்த ஆசையே இதற்கு வித்தாயிற்று. அன்று 151 பிராணிகள் இருந்தன. இன்று அவற்றின் தொகை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

விதிகள் கேட்பதற்கு எளியன. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆறு பிராணிகளைத் தெரிவு செய்யலாம். ஒவ்வொரு பிராணியும் நான்கு தாக்குமுறைகளுக்கு மேல் கொண்டு செல்லலாகாது. தீ, நீர், புல், மின், பனி என்றிவ்வாறு பதினெட்டு இனங்கள் உள. நீர் தீயை வெல்லும். தீ புல்லை வெல்லும். புல் நீரை வெல்லும். ஆகவே, எதனையும் வெல்லும் இனமென்று ஒன்றுமில்லை. எதற்கும் தோலாத இனமென்றும் ஒன்றுமில்லை. களத்திலே நிற்கும் பிராணியைத் திரும்ப அழைத்து வேறொன்றை அனுப்பலாம். ஆனால் அதற்கு ஒரு முறை செலவாகிவிடும். அந்த ஒரு முறைக்குள் எதிரி என்ன செய்வான் என்று ஊகிப்பதே ஆட்டத்தின் சுவை.

இவ்வளவு நியாயமாக அமைந்த விளையாட்டிலே, ஒருவன் நினைத்தபடி ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு போக முடியாதா என்று நேயர்கள் கேட்கலாம். முடியாது. ஏன் என்பதே பொருள் பொதிந்த கதை.

வல்லவன் செய்யும் கேடு

இத்தகைய ஆட்டங்களிலே ஆதிக்கம் செலுத்தும் பிராணி என்றால், எல்லாரையும் அடித்து வீழ்த்துவது என்றே பலரும் எண்ணுவர். உண்மை சற்று வேறானது. அப்பிராணி செய்யும் பெருங்கேடு அது களத்திற்கு வருமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. அதனைப் பயன்படுத்தாதவனும் அதனை மனத்திற்கொண்டே படை திரட்ட வேண்டியிருக்கின்றது. ஆறு ஆசனங்களுள் ஒன்றோ இரண்டோ அதற்கு மறுமொழி சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டுவிடும். எஞ்சிய நான்கினுள்தான் நமது சொந்த எண்ணத்திற்கு இடமுண்டு.

முதற் பதிப்பே இதற்குச் சான்று. அதிலே மனோசக்தி இனத்தின் கை ஓங்கியிருந்தது. அதனை எதிர்க்கப் பூச்சி இனமும் ஆவி இனமும் இருந்தன என்பது பெயரளவிலேதான். பூச்சிகளின் தாக்குமுறைகள் மிகப் பலவீனமானவை. அவற்றைக் கையாளும் பீட்ரில் போன்றவையோ நச்சு இனத்தையும் சேர்ந்தவையாகையால், மனோசக்திக்கு எளிதில் இரையாயின. ஆவி இனத்தின் நிலை இதனினும் பரிதாபம். நிரலில் நேர்ந்த பிழையொன்றினால், ஆவியின் தாக்குதல் மனோசக்தி இனத்தைச் சிறிதும் தீண்டாது போயிற்று. மூன்று ஆண்டுகளின் பின்னர், 1999 ஆம் ஆண்டிலே வெளிவந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகளில், இருள் என்றும் உருக்கு என்றும் இரண்டு புதிய இனங்களைச் சேர்த்தே இக்குறையை ஆக்கியோர் நிவர்த்தி செய்தனர். இருள் இனத்தை மனோசக்தி தீண்டாது. உருக்கு இனம் அதனைத் தாங்கி நிற்கும்.

அந்த முதற் பதிப்பின் போட்டி ஆட்டங்களை இன்றும் ஆடுவோர் உளர். மியூட்டூ என்னும் மகாவலியுடையதைப் பொது ஆட்டத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டே அவர்கள் ஆடுகின்றனர். அவ்வாறு விலக்கிய பின்னரும், படைக்குப் படை டோரோஸ், ஸ்னோர்லாக்ஸ், சான்சி என்னும் மூன்றையும் காணலாம். 151 பிராணிகள் இருந்தென்ன? ஆறு ஆசனங்களில் மூன்று முன்னதாகவே நிரம்பிவிட்டன. பிற்பதிப்பிலே ஸ்னோர்லாக்ஸ் ஒன்றே தனியரசு செலுத்தத் தொடங்கியது. பெருத்த உடலும் பெருத்த உயிர்ப்புள்ளியும் கொண்ட அப்பிராணியை ஒன்று தன் படையிலே வைத்திருக்க வேண்டும். அன்றேல் அதனை அடக்குவதற்கு வழி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலோர் இரண்டையும் செய்தனர்.

ஒன்றைக் கட்டினால் ஒன்று அவிழும்

இனி, படை திரட்டுவோனுடைய சங்கடத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

சாரிசார்ட் என்பது தீயைக் கக்கும் சிறகுடைய பிராணி. பிள்ளைகளுக்கு மிகப் பிரியமானது. 2006 ஆம் ஆண்டிலே ஜப்பானில் வெளிவந்த டயமண்ட், பேர்ள் பதிப்புகளில் ஸ்டெல்த் ரொக் என்றொரு தாக்குமுறை புகுந்தது. கூரிய கற்களை எதிரியின் பக்கத்திலே மிதக்க விடுவது அது. ஒருமுறை விட்டுவிட்டால், பின்னர் அப்பக்கத்திலே களம் புகும் பிராணி ஒவ்வொன்றும் உள்ளே வரும்போதே அடிபடும். சாதாரண பிராணிக்கு உயிரில் எட்டிலொன்று போகும். கல்லுக்கு அஞ்சும் பிராணிக்குக் காற்பங்கு போகும். தீயும் சிறகும் இரண்டுமே கல்லுக்கு அஞ்சுபவை. ஆகவே சாரிசார்டுக்கு, களத்திலே காலடி வைத்த அக்கணமே உயிரிற் பாதி போய்விடும். இருமுறை வந்தால் அத்துடன் சரி.

ஆசைப்பட்ட பிள்ளை அதனைக் கைவிட மனமின்றிப் பரிகாரம் தேடுகின்றது. கற்களைச் சுழன்று அகற்றும் ரபிட் ஸ்பின் என்னும் தாக்குமுறையை அறிந்த ஸ்டார்மீயைச் சேர்த்துக்கொள்கின்றது. ஆனால் எதிரி ஓர் ஆவியை இடையே நிறுத்திவிட்டால், அந்தப் பதிப்பிலே அச்சுழற்சி அதனூடே வீணாய்ப் போய்விடும், கற்கள் அகலமாட்டா. எனவே ஆவியைத் துரத்தியடிக்க மூன்றாவது ஆள் வேண்டும். அதற்கு டைரனிட்டார் தக்கது. தப்பியோடும் ஆவியையும் எட்டிப் பிடித்து அடிக்கும் வித்தை அதற்குத் தெரியும். பிள்ளை மகிழ்ச்சியுடன் அதனையும் சேர்க்கின்றது. சேர்த்த பின்னர்தான் தெரிகின்றது, டைரனிட்டார் களம் புகும்போதே மணற்புயலொன்றும் கூடவே எழும் என்பது. அம்மணல் ஒவ்வொரு முறையும் சாரிசார்டின் உயிரில் பதினாறில் ஒரு பங்கைக் கரைக்கும். ஸ்டார்மீயின் உயிரையும் கரைக்கும். போதாக்குறைக்கு, சாரிசார்டுக்கும் ஸ்டார்மீக்கும் மின்னல் பகை.

இப்போது கணக்குப் பாருங்கள். பிரியமான ஒன்றைக் காப்பாற்றுவதற்காக ஆறு ஆசனங்களில் மூன்று செலவாகிவிட்டன. காப்பாற்ற வந்தவனே நோயையும் கொண்டுவந்தான். மின்னலைத் தடுக்க நான்காவது ஆள் தேவை. எதிரியின் படையை வெல்வது யார் என்ற கேள்வியோ இன்னமும் தொடப்படவேயில்லை!

நான்கு தாக்குமுறைகள் என்ற வரம்பும் இவ்வாறே கழுத்தை இறுக்கும். கார்ச்சொம்ப் என்னும் பிராணி நிலத்தை அதிரச் செய்து தாக்கும். பறப்பனவற்றை அது தீண்டாது. நாகசக்தியால் தாக்கும், 2013 ஆம் ஆண்டிலே புகுந்த தேவதை இனத்தை அது தீண்டாது. உருக்குச் சிறகுடைய ஸ்கார்மரியோ நில அதிர்வுக்கும் அகப்படாது, நாகத்துக்கும் அசையாது. அதற்கென்று தீயை மூன்றாவதாகச் சேர்த்தால், எஞ்சுவது ஒரே ஓர் இடம். வலிமையைப் பெருக்கும் நடனத்தை அதிலே வைப்பதா, எதிரியின் பக்கத்திலே கற்களை மிதக்க விடுவதா? ஒன்றைக் கொண்டால் மற்றொன்றை விடவேண்டும்.

பயிற்சியால் பிராணிகளுக்கு வலிமையூட்டுவதற்கும் நெடுங்காலம் ஒரு வரம்பு இருந்தது. மொத்தம் 510 புள்ளிகள். ஒரு குணத்திற்கு 252 வரையே இடலாம். வேகத்துக்கும் தாக்குதலுக்கும் நிரம்ப இட்டால், உடலுறுதிக்கு மிஞ்சுவது சொற்பம். இங்கே ஓரிரு புள்ளிகளும் பெரும் பேதத்தை விளைவிக்கும். கார்ச்சொம்பின் அடிப்படை வேகம் 102. சாரிசார்ட், சலமென்ஸ், சப்டொஸ் முதலிய பெருங்கூட்டமொன்றின் வேகம் சரியாக 100. இரண்டே புள்ளிகளால் அக்கூட்டம் முழுவதையும் முந்திக்கொண்டு முதலடி அடிக்க முடிந்தமை கார்ச்சொம்பின் பெருமைக்கு ஒரு காரணமாகும்.

ஓர் அணிலின் கதை

இவ்வளவையும் கேட்ட பின்னர், வலியவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றும். அப்படிச் செய்வோரே மிகுதி. எனினும், அது மட்டுமே வழியன்று என்பதைக் காட்டிய சம்பவமொன்று 2014 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நிகழ்ந்தது.

அவ்வாண்டு உலகப் போட்டியிலே இரண்டிரண்டு பிராணிகளாகக் களத்தில் நிறுத்திப் பொருதுவதே முறை. ஆறு பேரை எதிரிக்குக் காட்டிவிட்டு, அவருள் நால்வரை ஒவ்வோர் ஆட்டத்திற்கும் தெரிவு செய்ய வேண்டும். அக்காலத்திலே எல்லாரும் அஞ்சிய பிராணிகளுள் ஒன்று மெகா கங்காஸ்கான். தாயின் மடிப்பையிலுள்ள குட்டியும் வெளியே வந்து உடன் போர் செய்யும். தாய் ஒருமுறை அடித்தால், குட்டி பாதி வலிமையுடன் மறுமுறை அடிக்கும். ஒரே ஆசனத்தில் ஏறக்குறைய ஒன்றரை ஆள் அமர்ந்திருப்பதற்கு அது சமானம்.

தென் கொரியாவைச் சேர்ந்த சேஜுன் பார்க் என்னும் இளைஞர் அப்போட்டிக்குக் கொண்டுசென்ற படையிலே கியாராடொஸ், கார்ச்சொம்ப், கார்டிவோர், டாலன்பிளேம், கொதிடெல் ஆகியவற்றுடன் பச்சிரிசு என்னும் சின்னஞ்சிறு மின் அணிலும் இருந்தது. கார்ச்சொம்பின் அடிப்படைக் குணங்களைக் கூட்டினால் 600 வரும். பச்சிரிசுவுக்கு 405 மட்டுமே. போட்டிக்கு எடுத்துச் செல்லத் தகுந்ததென்று அதனை மதித்தவர் மிகச் சிலர். சேஜுன் பார்க் அதனை எடுத்துச் சென்றார். உலக வெற்றிவீரராகத் திரும்பினார்.

இதனை அதிர்ஷ்டம் என்று கூறுதல் தவறு. அந்த அணிலிடம் அரியதொரு தொழில் இருந்தது. எதிரியின் தாக்குதல்களையெல்லாம் தன்மீது திருப்பிக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியும். நீரும் சிறகும் சேர்ந்த கியாராடொஸை மின்னல் நான்கு மடங்கு தாக்கும். அந்த மின்னலைப் பச்சிரிசு தன்பால் இழுத்துக்கொண்டால் என்னவாகும்? அதற்கு அடியே படாது. மாறாக, மின்சாரத்தை உண்டு உயிரை வளர்த்துக்கொள்ளும் இயல்பு அதற்குண்டு. அக்காலத்திலே களங்களைக் கலக்கிய டாலன்பிளேமின் சிறகடியும் மின் இனமான அதனிடத்தில் பாதியாகக் குறையும். எத்துணை பெரிய எதிரியாயினும் எஞ்சிய உயிரிற் பாதியைக் கடித்தெடுக்கும் பல்லும் அதற்கிருந்தது. அதன் பயிற்சிப் புள்ளிகளை அவர் தாக்குதலிலே இடவில்லை. அடி தாங்கும் உறுதியிலே இட்டார். அருகில் நிற்பவன் தன் காரியத்தை முடிப்பதற்கு ஓரிரு முறைகள் அவகாசம் பெற்றுக்கொடுப்பதே அணிலின் பணி.

இதிலே கவனிக்க வேண்டியது யாதெனில், ஐந்து வலியவற்றின் நடுவே அணில் ஓர் அலங்காரமாகச் சேர்க்கப்படவில்லை என்பதே. மற்றையோரின் குறை எங்கே இருக்கின்றதோ, அங்கே பொருந்தும் அளவாக அது தெரிந்தெடுக்கப்பட்டது. தனித்து நிறுத்தினால் அது ஒன்றுக்கும் உதவாது. அந்த அணிலை மட்டும் எடுத்துத் தம் படையிலே சேர்த்துக்கொண்டு அதே வெற்றியை எதிர்பார்க்கும் பிள்ளை, வைத்தியர் ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவர் வாங்கிக் குடிப்பதையே செய்கின்றது.

யாரை விலக்குவது?

வலியவர் கை அளவுக்கு மிஞ்சி ஓங்கும்போது என் செய்வது என்பதும் ஒரு வழக்கு. உத்தியோகபூர்வமான போட்டிகளிலே, எப்பிராணிகளுக்கு இடமுண்டு என்பதை நடத்துவோரே காலத்துக்குக் காலம் வரையறுக்கின்றனர். கங்காஸ்கானின் குட்டி பெற்றிருந்த பாதி வலிமையை 2016 ஆம் ஆண்டுப் பதிப்பிலே ஆக்கியோர் காற்பங்காகக் குறைத்தனர். ஸ்மோகன் என்னும் ஆட்டக்காரர் கூட்டமோ தனக்கெனத் தனி முறையொன்றை வகுத்துக்கொண்டுள்ளது. எப்பிராணி எவ்வளவு அடிக்கடி பயன்படுகின்றது என்று எண்ணிப் பார்த்து அவற்றைத் தரம் பிரிக்கின்றனர். அண்மைக் காலத்தில் மேல் தரத்துக்குரிய எல்லை நூற்றுக்கு 4.52 என்று வைக்கப்பட்டது. பதினைந்து ஆட்டங்கள் ஆடினால் ஒரு தடவையாவது எதிர்ப்படுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு என்பதே அவ்வெண்ணின் பொருள். ஒரு பிராணி ஆட்டத்தையே கெடுக்கின்றது என்ற ஐயம் எழுந்தால், ஆடித் தகுதி பெற்றோர் வாக்களித்துத் தீர்மானிப்பர்.

இவ்வாறு விலக்கப்பட்டோர் பட்டியலும் நிலையானதன்று. மேலே கூறிய கார்ச்சொம்பே டயமண்ட், பேர்ள் காலத்திலே ஸ்மோகனின் பொதுத் தரத்திலிருந்து விலக்கப்பட்ட ஒன்றாகும். பின்னர் நாகத்தை அடக்கும் தேவதை இனம் வந்தது. வேறு வல்லவர்களும் வந்தனர். கார்ச்சொம்ப் மீண்டும் பலருள் ஒருவராய்ப் பொதுத் தரத்திலே அமர்ந்துகொண்டது. எதிர்ப்பக்கத்திலோ, 2014 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே தோன்றிய மெகா ரேக்குவாசாவின் வலிமையைப் பொறுக்கமாட்டாமல், விலக்கப்பட்டவற்றுக்கென்றே இருந்த தரத்திலிருந்தும் அதனை விலக்கினர். எதுவும் செல்லும் என்ற தரமொன்றை அதன் பொருட்டுப் புதிதாக வகுக்க நேர்ந்தது. ஆகவே, வல்லவன் எவன் என்பது அவனை மட்டும் பொறுத்ததன்று. அவனைச் சூழ்ந்து நிற்போர் யாவர் என்பதையும் பொறுத்தது.

முழுக் காவல் இல்லை

இவற்றாற் பெறப்படும் முடிபு ஒன்றுண்டு. அஞ்சத்தக்க பிராணிகள் முப்பது என்று வைத்துக்கொண்டாலும், அவற்றிலிருந்து ஆறைத் தெரிவு செய்ய 593,775 வழிகள் இருக்கின்றன. அவ்வாறு சேரத்தக்க படைகள் யாவற்றுக்கும் தகுந்த மறுமொழி ஆறே பேருக்குள் அடங்காது. எல்லா வாயிலுக்கும் காவல் வைக்க முயல்பவன் ஒரு வாயிலுக்கும் போதிய காவல் வைக்கமாட்டான். ஆறு பேரும் ஆறு திசையைப் பார்த்து நிற்பர், ஒருவருக்கொருவர் உதவார்.

நல்ல படை திரட்டுவோன் வேறு விதமாகச் சிந்திக்கின்றான். எதனை அடிக்கடி சந்திப்போம், எதனை அரிதாகச் சந்திப்போம் என்று முதலிலே கணக்கிடுகின்றான். அடிக்கடி வருவதற்குப் பலமான காவலும், இடையிடையே வருவதற்கு ஓரளவு காவலும் வைக்கின்றான். அரிதாக வருவது வந்துவிட்டால், தோற்கலாம் என்று அறிந்தே அவ்வாயிலைத் திறந்து விடுகின்றான். அது அசட்டையன்று, எண்ணிச் செய்த தீர்மானம். மாத வருமானத்தை எண்ணி, இம்மாதம் கூரையைத் திருத்துவோம், பாத்திரம் பிறகு வாங்குவோம் என்று முடிவு செய்யும் இல்லத்தரசிக்கு இந்த வித்தையை நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வென்றவருடைய ஆறு பேரையும் அப்படியே பிரதி செய்து ஆடிப் பழகுவதில் தவறில்லை; ஆரம்பத்திலே அது நல்ல பள்ளிக்கூடம். ஆனால், ஒவ்வொருவரும் எதன் பொருட்டு அங்கே இருக்கின்றார் என்று கேளாமல் ஆடினால், எதிரி புதிதாக ஒன்றைச் செய்த மாத்திரத்தில் கை கால் ஓடாது போகும். தோற்ற ஆட்டத்தின்பின் ஆளை மாற்ற அவசரப்படலாகாது. ஓர் ஆட்டத்தின் தோல்வி, திறந்து விட்ட வாயிலால் வந்ததாயிருக்கலாம். பத்து ஆட்டங்களிலே ஏழு தடவை அதே வாயிலால் எதிரி புகுந்தானாயின், அப்போதுதான் கணக்கைத் திருத்த வேண்டும். திருத்தும்போதும், புதியவனைச் சேர்ப்பதற்காக வெளியேற்றப்படுபவன் இதுவரை எதனைத் தடுத்துக்கொண்டிருந்தான் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நன்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டுக்குரிய நேரத்தை நீங்கள் வரையறுப்பது முற்றிலும் நியாயம். அவ்வாறு வரையறுத்த நேரத்திற்குள்ளே ஒரு நாளாயினும் பிள்ளையின் அருகிலே அமர்ந்து, வென்றாயா தோற்றாயா என்று வினவாமல், "இந்த ஆறு பேரை ஏன் எடுத்தாய்? எதனை வேண்டாமென்று விட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள். மறுமொழி தடுமாறி வருமாயின், யோசிப்பதற்கு ஒரு விடயத்தைக் கொடுத்தவராவீர்கள். தெளிவாக வருமாயின், எல்லாவற்றையும் பெற முடியாத இவ்வுலகிலே எதனை விடுவது என்று தீர்மானிக்க உங்கள் பிள்ளை பழகிவருகின்றது என்று அறிந்து, அன்றைய தினம் சற்றே ஆறுதலுடன் உறங்கச் செல்லலாம்.